பிழை காட்டும் எழுத்துரு: சொந்த எழுத்தை மெய்ப்புப் பார்க்க 17 வடிவங்களைத் திருத்துதல்

அவர், அவா். இந்த இரண்டு சொற்களும் பெரும்பாலான திரைகளில் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது ரகர மெய்யில் முடிகிறது. இரண்டாவதின் முடிவில் இருப்பது துணைக்கால். அதன் தலையில் ஒரு புள்ளி. கணினிக்கு இவை வேறுவேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. சொற்பிழை திருத்தி சிவப்புக் கோடு போடும், எழுதியவரோ ஏன் என்று தெரியாமல் அதைப் புறக்கணிப்பார். நூலின் சொல்லடைவில் அது தவறான இடத்தில் போய் நிற்கும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்த இடத்தில் தடுமாறும்.

பழைய 8 பிட் எழுத்துருக்கள் விட்டுச்சென்ற பழக்கம் இது. அவற்றில் ஒன்றான பாமினியின் விசைப்பலகையில் எச் விசை துணைக்கால், யு விசை ரகரம். ரகர மெய்யில் கீழ்ச்சாய்வு தேவையில்லை என்று கருதிப் பலர் கால், புள்ளி என்றே தட்டினார்கள். அச்சில் அழகாகவும் இருந்தது. அந்தக் கோப்புகளை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றும் செயலி கவனிக்காவிட்டால் கால் காலாகவே வந்து சேர்கிறது. யூனிகோடிலேயே எழுதுபவர்கள்கூட இப்படிப்பட்ட இடங்களிலிருந்து மேற்கோளை வெட்டி ஒட்டும்போது பிழையையும் சேர்த்து ஒட்டிக்கொள்கிறார்கள்.

தான் எழுதியதைத் தானே மெய்ப்புப் பார்க்கும்போது கண் மனத்தில் இருக்கும் வாக்கியத்தைத்தான் படிக்கிறது, தாளில் இருப்பதை அல்ல. அதனால்தான் எழுத்துருவை மாற்றிப் படிக்கச் சொல்வார்கள். வேறு எழுத்துருவில் வரிகள் வேறு இடத்தில் முறியும். வரியின் ஓரத்தில் பதுங்கியிருந்த சொல் நடுவுக்கு வரும். பழகிய பக்கம் அயலார் எழுதியதுபோல் ஆகும். இது உண்மையிலேயே பயன் தரும் வழி. ஆனால் தமிழுக்கு இது பாதி வேலைதான். எத்தனை எழுத்துருக்களை மாற்றினாலும் காலும் ரகரமும் ஒன்றுபோலவே வரையப்பட்டிருந்தால் கண்ணுக்கு அகப்பட ஒன்றுமில்லை. மீதிப் பாதிக்கு, மயங்கும் எழுத்துகளை வேண்டுமென்றே பிரித்துக் காட்டும் எழுத்துரு தேவை.

ஆங்கிலத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறது. இலவச மின்னூல் திட்டமான புராஜெக்ட் குட்டன்பர்குக்காக நூல்களை மெய்ப்புப் பார்க்க 2000ஆம் ஆண்டில் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் குழுவின் டிபி கஸ்டம் மோனோ. அதில் எண் ஒன்றும் சிறிய எல்லும் பெரிய ஐயும், சுழியமும் ஓ எழுத்தும் ஒன்றோடொன்று மயங்காது. பார்க்க அழகில்லை, அழகு அதன் நோக்கமும் இல்லை. அதே கொள்கையில் தமிழுக்கு ஒன்றை ஒரு மாலை நேரத்தில் செய்துகொள்ளலாம்.

தேவையானவை

ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச எழுத்துரு உருவாக்கும் செயலி. அடிப்படையாகத் திறந்த உரிமம் உள்ள ஒரு தமிழ் எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர் போதும். இரண்டும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருகின்றன. திருத்தலாம், பகிரலாம், ஆனால் உரிமத்தில் ஒதுக்கப்பட்ட பெயர் என்று குறிப்பிட்டிருந்தால், திருத்திய எழுத்துருவை அந்தப் பெயரில் வெளியிடக் கூடாது. கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கினால் சில எழுத்துருக்களின் பொதிக்குள் மாறுதடிமன் கோப்பு (பல தடிமன்களும் ஒன்றில் அடங்கியது) ஒன்றும், ஸ்டாட்டிக் என்ற கோப்புறையும் இருக்கும். ஸ்டாட்டிக் கோப்புறையில் உள்ள ரெகுலர் கோப்பை எடுங்கள். மாறுதடிமன் கோப்பை ஃபான்ட்ஃபோர்ஜ் சரியாகக் கையாளாது.

எந்த வடிவங்களைத் தொடுவது, எவற்றை விடுவது

முதலில் தோன்றும் எண்ணம் ரகரத்தில் ஓர் அடையாளம் போடுவது. அது தவறு. தமிழ் எழுத்துருக்களில் ரி, ரீ, ரு, ரூ போன்றவை பெரும்பாலும் தனித்தனி வடிவங்களாக உள்ளே இருக்கும். ரகரத்தில் போட்ட அடையாளம் அவற்றுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. துணைக்கால் அப்படியல்ல. கா, சா, மா எல்லாவற்றிலும் அதே ஒரு வடிவம்தான் பக்கத்தில் வந்து நிற்கிறது. கொ, கோ ஆகியவற்றைத் திரையில் அமைக்கும் நிரல்கூட அந்த உயிர்க்குறியைக் கொம்பு, கால் என்று பிரித்துவிட்டுத்தான் வரைகிறது. ஆகவே காலில் ஒரு கோடு போட்டால் உரை முழுவதும் அது பரவும், ரகரம் தூய்மையாக நிற்கும். பழைய எழுத்துமுறை எழுத்துருக்கள் மட்டும் விதிவிலக்கு. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா வடிவங்கள் ஒற்றை எழுத்தாக இருப்பதால் காலின் கோடு அங்கே தெரியாது.

இதே காரணத்தால் ளகரத்தையும் தொட வேண்டாம், ஔகாரக் குறியைத் தொடுங்கள். கௌதமன் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று தட்டிய கெளதமன் எல்லா இடத்திலும் உண்டு. மௌனம், வௌவால், பௌர்ணமி, சௌக்கியம் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. கௌ சரியாக இருந்தால் வலப்பக்கம் வருவது ஔகாரக் குறி. தவறாக இருந்தால் வருவது ளகரம். குறியின் கீழே கோடு இருந்தால் சரி, இல்லாவிட்டால் பிழை. ஔவையாரும் ஒளவையாரும் இதே கதைதான். அதற்கு ஔ என்ற உயிரெழுத்தைத் தனியாகத் திருத்த வேண்டும்.

அடுத்தது தமிழ் எண்கள். ௧ ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௪ சகரம் போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும் இருக்கும். எழுத்துணரி (ஓசிஆர்) படித்துக் கொடுத்த உரையிலும், எழுத்துகளைச் சுட்டிப் பொறுக்கும் பலகையிலும் இவை நுழைந்துவிடும். கடைசியாக, வரி முறியாமல் இரு சொற்களைச் சேர்த்துப் பிடிக்கும் முறியா இடைவெளி: இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பத்திகளில் வருவது, இருபுறமும் சீராக்கிய வரிகளில் இடைவெளியைக் கெடுப்பது.

யூனிகோடின் பதின்ம எண்ணில் சொன்னால் பட்டியல் இவ்வளவுதான்: கால் 3006, ஔகாரக் குறி 3031, ஔ 2964, தமிழ் எண்கள் 3046 முதல் 3058 வரை, முறியா இடைவெளி 160. ஆக 17 வடிவங்கள்.

அகலமில்லாத மறை எழுத்துகளான 8203, 8204, 8205 ஆகியவற்றுக்கும் வடிவம் வரைந்துவிடலாமே என்று தோன்றும். வரைந்தாலும் தெரியாது. லிப்ரே ஆபிஸ், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் எழுத்தமைக்கப் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் நிரல், இந்த வகை எழுத்துகளை எழுத்துருவில் என்ன வரைந்திருந்தாலும் அகலமற்ற வெற்றிடமாக மாற்றிவிடுகிறது. அவற்றுக்கு வேறு வழி, கீழே வருகிறது.

வரைதல்

கோப்பைத் திறந்ததும் என்கோடிங் பட்டியில் ரீஎன்கோட், அதில் யூனிகோட் பிஎம்பி என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். இப்போது எந்தக் கட்டத்தைச் சொடுக்கினாலும் சாளரத்தின் மேல்பட்டையில் முதலில் அதன் பதின்ம எண் தெரியும். பிறகு எலிமென்ட் பட்டியில் ஃபான்ட் இன்ஃபோ, அதில் ஜெனரல். எழுத்தின் சதுரம் எத்தனை அலகு என்று பாருங்கள். கீழே உள்ள அளவுகள் 1000 அலகுக்கு. 2048 என்றிருந்தால் எல்லாவற்றையும் ஏறத்தாழ இரண்டால் பெருக்குங்கள்.

காலுக்கு: 3006ஆம் கட்டத்தை இருமுறை சொடுக்கினால் வரைபடம் திறக்கும். செவ்வகக் கருவியால் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கும் குறுக்கே, உயரத்தின் நடுவில், 60 அலகு தடிமனில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். வலப்புறம் அது 50 அலகு வெளியே நீளட்டும். வெளியே நீளாமல் உள்ளேயே நின்றால் சிறிய அளவில் ஈகாரத்தை நினைவூட்டும். அடையாளத்துக்குப் புள்ளியைப் பயன்படுத்தவே வேண்டாம். தமிழில் எங்கே புள்ளி வைத்தாலும் கண் அதை மெய்யெழுத்தின் புள்ளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். கோடு நீண்டதால் அடுத்த எழுத்தை இடிக்கும். வடிவத்தின் அகலத்தை 60 அலகு கூட்டுங்கள்.

ஔகாரக் குறிக்கு அடிவரிக்குக் கீழே 80 அலகில் தொடங்கி 60 தடிமனில் ஓர் அடிக்கோடு. ஔ எழுத்துக்கு வலப்பாதிக்கு மட்டும் அதே கோடு. தமிழ் எண்களுக்கு முழு அகலத்துக்கும் 40 தடிமனில் இரட்டை அடிக்கோடு, நடுவே 40 இடைவெளி. முறியா இடைவெளிக்கு அடிவரியில் திறந்த பெட்டி போன்ற ஒரு சிறு அடைப்பு.

இங்கே நான்கு இடத்தில் சறுக்கும். செவ்வகமும் பழைய கோடும் எதிரெதிர்த் திசையில் சுற்றினால் அவை சந்திக்கும் இடம் வெள்ளை ஓட்டையாகிவிடும். ஒவ்வொரு வடிவத்தையும் முடித்ததும் எலிமென்ட் பட்டியில் கரெக்ட் டைரக்‌ஷன், பிறகு ரிமூவ் ஓவர்லாப், இந்த வரிசையில் கொடுங்கள். இரண்டாவது, சில எழுத்துருக்களில் ஔகாரக் குறி தனியாக வரையப்படாமல் ளகரத்தைச் சுட்டும் இணைப்பாக (ரெஃபரன்ஸ்) இருக்கும். அதன்மேல் கோடு சேர்ப்பதற்கு முன் அன்லிங்க் ரெஃபரன்ஸ் கொடுத்து அதைத் தன் காலில் நிற்க வையுங்கள். ஔ வடிவத்திலும் இதையே பாருங்கள். மூன்றாவது, சாதாரண இடைவெளியும் முறியா இடைவெளியும் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்ளும் எழுத்துருக்கள் உண்டு. அப்படியிருந்தால் 160இல் போட்ட பெட்டி பக்கத்தின் ஒவ்வோர் இடைவெளியிலும் முளைக்கும். கிளிஃப் இன்ஃபோவில் மாற்று யூனிகோட் எண் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்கி, 160க்குத் தனி வடிவம் கொடுங்கள். நான்காவது, அடிக்கோடுகள் எழுத்துருவின் கீழ் எல்லையைத் தாண்டினால் விண்டோஸில் வெட்டுப்படும். ஃபான்ட் இன்ஃபோவில் ஓஎஸ்2 பகுதியின் மெட்ரிக்ஸில் வின் டிசென்ட் அளவைப் பார்த்து அதற்குள் நிறுத்துங்கள்.

பெயரும் உருவாக்கமும்

ஃபான்ட் இன்ஃபோவின் பிஎஸ் நேம்ஸ் பகுதியில் மூன்று பெயர்களையும், டிடிஎஃப் நேம்ஸ் பகுதியில் பழைய பெயர் எஞ்சியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். முதல் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளியில்லாமல் இருக்கட்டும். பெயரோடு ஒரு பதிப்பு எண்ணும் சேருங்கள். அதே பெயரில் திருத்தி மறுபடி நிறுவினால் இயங்குதளம் பழைய கோப்பையே நினைவில் வைத்துக் காட்டும். மாற்றம் வரவில்லையே என்று வீணாகத் தேட நேரிடும்.

ஃபைல் பட்டியில் ஜெனரேட் ஃபான்ட்ஸ், வகை ட்ரூடைப். அருகிலுள்ள ஆப்ஷன்ஸில் ஓப்பன்டைப் என்ற பெட்டி தேர்வாகியிருக்க வேண்டும். அது விடுபட்டால் எழுத்துச் சேர்க்கை விதிகள் கோப்பில் எழுதப்படாமல் போகும், கு, கூ, டி எல்லாம் உடைந்து தெரியும். நிறுவியதும் இந்தச் சோதனை வரியை ஒட்டிப் பாருங்கள்:

கா கர கர் கா் கௌ கெள ஔ ஒள க ௧ உ ௨ எ ௭ அ ௮ கொ கோ கு கூ டி டீ

கா, கா், கொ, கோ நான்கிலும் குறுக்குக் கோடு தெரிய வேண்டும். கர, கர் இரண்டிலும் தெரியக் கூடாது. கௌ, ஔ இரண்டிலும் அடிக்கோடு. கெள, ஒள இரண்டிலும் வெறுமை. எண்களுக்கு இரட்டைக் கோடு. கு முதல் டீ வரை வழக்கம்போல் இருந்தால் எழுத்துரு தயார்.

சொற்செயலியில்

எப்போதும் படியெடுத்த கோப்பில் வேலை செய்யுங்கள். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இயல்புப் பத்திப் பாணியைத் திருத்தும்போது எழுத்துருப் பகுதியில் மேற்கத்திய எழுத்துக்கு ஒன்றும், சிக்கல் வரிவடிவத்துக்கு ஒன்றும் தனித்தனியாக இருக்கும். தமிழ் இரண்டாவதில் சேரும். மேற்கத்தியதை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று விட்டுவிடுவது மிகவும் வழக்கமான தடுமாற்றம். வேர்டிலும் எழுத்துரு உரையாடல் பெட்டியில் காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடத்தில் மாற்ற வேண்டும். பாணியை மாற்றியும் சில பத்திகள் பழையபடி இருந்தால், அவற்றில் நேரடி வடிவூட்டம் இருக்கிறது என்று பொருள். லிப்ரே ஆபிஸில் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எம் கொடுத்தால் அது நீங்கும். சாய்வெழுத்தும் தடிப்பும் கூடவே போய்விடும் என்பதால்தான் படியெடுத்த கோப்பு.

கூகுள் டாக்ஸில் சொந்த எழுத்துருவை ஏற்ற முடியாது. அங்கே எழுதுபவர்கள் உரையை இறக்கிக் கணினியில் பார்ப்பதே நல்லது.

படிக்கும் முறை

எழுத்தளவு 16 அல்லது 18. தாளை ஏ5 ஆக்குங்கள். வரிகள் குறுகி, எல்லாமே புதிய இடத்தில் முறியும். முதல் சுற்றில் பொருளைப் படிக்க வேண்டாம். கோடுகளை மட்டும் பாருங்கள்: புள்ளி ஏந்திய குறுக்குக் கோடு எங்கே, அடிக்கோடு இல்லாத ஔகாரம் எங்கே, இரட்டைக் கோடு எங்கே. அடையாளங்கள் துருத்திக்கொண்டு நிற்பதால் இது வேகமாக முடியும்.

இரண்டாவது சுற்று ல, ள, ழ மயக்கத்துக்கும், ர, ற மயக்கத்துக்கும், ன, ண மயக்கத்துக்கும், வல்லினம் மிகும் மிகா இடங்களுக்கும். இங்கே செய்த எழுத்துருவைக் கழற்றிவிட்டு உண்மையிலேயே விநோதமான ஒன்றுக்கு மாறுவது நல்லது. கையெழுத்துச் சாயலுள்ள கவிவனார் இதற்கு நன்றாகப் பொருந்தும். கண் தாவாமல் ஒவ்வோர் எழுத்தாக நடக்கும். மிகத் தடித்த எழுத்துருக்களைத் தவிர்க்க வேண்டும். சுழிகள் அடைபட்டு, இருசுழி எது முச்சுழி எது என்று தெரியாமல் போனால் விநோதம் இருந்தும் பயனில்லை. கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். வாதத்தின் ஓட்டம் கண்ணை இழுத்துச் செல்லாது. ஒற்றுப்பிழைக்கு நாவி, சொற்பிழைக்கு வாணி ஆகிய கருவிகளின் துணையும் கொள்ளலாம். ஆனால் "பலகை" என்பது "பழகை" என்று இல்லாத சொல்லானால் காட்டிவிடும் கருவிக்கு, "பலம்" இருக்க வேண்டிய இடத்தில் "பழம்" இருப்பது தெரியாது. அதைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. படிக்கக் கடினமான எழுத்துரு எல்லாவற்றையும் மேம்படுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மெல்போர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட சான்ஸ் ஃபர்கெட்டிகா, படித்தது நினைவில் நிற்க உதவும் என்ற உறுதிமொழியோடு வந்தது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனைகள் அதை மெய்ப்பிக்கவில்லை. மெய்ப்புக்கு நமக்கு வேண்டியது வேறுபாடு, கடினம் அல்ல. அரை மணி நேரத்தில் கண் சலித்துவிடும் எழுத்துருவில் பத்தாம் பக்கத்துப் பிழை தப்பிவிடும்.

எழுத்துரு காட்டாதவை

கொ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் எந்த எழுத்துருவிலும் வேறுபாடு தெரியாது. யூனிகோடின் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் காலை முதலிலும் கொம்பைப் பின்னாலும் தட்டிய "காெண்டு" அப்படியே தங்கிவிடும், ஏனென்றால் இயல்பாக்கம் இந்த வரிசையைத் தொடாது. சந்தேகமான எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து ஆல்ட் எக்ஸ் அழுத்தினால் வேர்டும் லிப்ரே ஆபிஸும் அதன் யூனிகோட் எண்ணைப் பதினறும முறையில் காட்டும். மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பும். மறை எழுத்துகளையும் இப்படித்தான் பிடிக்க வேண்டும். ஒன்றைப் பிடித்ததும் அதை நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியை வெறுமையாக விட்டு, அனைத்தையும் நீக்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடியவை ஐந்து: ா் என்பதை ர் என்றும், ாி என்பதை ரி என்றும், ாீ என்பதை ரீ என்றும், ாெ என்பதை ொ என்றும், ாே என்பதை ோ என்றும். இடப்பக்கம் உள்ள வரிசைகள் சரியான தமிழில் எங்கும் வராது. தேடும் பெட்டியில் இவை புள்ளிவட்டத்தோடு தெரிந்தால் கவலை வேண்டாம். சொற்செயலியின் தேடல் சில நேரம் உயிர்மெய்யின் நடுவில் வெட்ட மறுக்கும். அப்போது நோட்பேட்++ போன்ற வெற்றுரைத் திருத்தியில் செய்யுங்கள்.

ெள என்பதை ௌ என்று இப்படி மொத்தமாக மாற்றக் கூடாது. வெள்ளம், வெளி, தெளிவு, கெளுத்தி எல்லாம் சிதைந்துபோகும். ஒள என்பதை ஔ ஆக்கினால் ஒளியும் ஒளிப்பதும் கெடும். ஔகாரப் பிழையை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். 3031இல் போட்ட அந்த ஓர் அடிக்கோட்டின் முழுப் பயனும் இங்கேதான் கிடைக்கிறது.

திருத்தங்களைப் படியெடுத்த கோப்பிலிருந்து மூலக் கோப்புக்குக் கையால் ஏற்றுங்கள். மொத்த மாற்றங்களை மூலத்திலும் ஒருமுறை ஓடவிடுங்கள். அச்சுக்கோ பதிப்பாளருக்கோ பிடிஎஃப் அனுப்பினால், அதன் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, மெய்ப்பு எழுத்துருவின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அடிக்குறிப்பு, பக்கத் தலைப்பு, அட்டவணை ஆகிய மூன்று இடங்களிலும்தான் அது பெரும்பாலும் தங்கிவிடும்.